சப்பாத்தியா, வெங்காயமா? ஐபிஎஸ் (IBS) என்ற குடல் கோளாறு உள்ள வயிற்றுக்கு ஆகாததைக் கண்டுபிடிக்கும் முறை

சுகர் எல்லைக்கோட்டில் இருக்கிறது என்று சொன்ன நாளிலிருந்து ராத்திரி சாப்பாட்டைச் சப்பாத்திக்கு மாற்றினேன். நம் ஊரில் பாதிப் பேர் செய்வதுதான். ஒரு மாதத்துக்குள் வயிறு மத்தளம் மாதிரி ஆகிவிட்டது. காலையில் பஸ் பிடிப்பதற்குள் மூன்று தடவை, சில நாள் நான்கு தடவை கழிப்பறைக்கு ஓட்டம். போய் வந்தாலும் முழுசாகப் போன திருப்தி கிடையாது.

"எல்லாம் கோதுமையிலுள்ள குளூட்டன்தான்" என்றார் கூட வேலை பார்க்கும் நண்பர். சரி என்று சப்பாத்தியை நிறுத்திவிட்டுக் கடலைப்பருப்பு அடைக்கு மாறினேன், நிறையச் சின்ன வெங்காயம் அரிந்து போட்டு. வயிறு இன்னும் மோசமானது. குற்றவாளியைத் துரத்திவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு அவனுடைய அண்ணனை வீட்டுக்குள் கூப்பிட்டிருக்கிறேன் என்பது பிறகுதான் புரிந்தது.

நான் மருத்துவர் இல்லை. ஐபிஎஸ், அதாவது வயிற்றுவலி, உப்புசம், பேதி அல்லது மலச்சிக்கல் என்று அடிக்கடி படுத்தும் குடல் கோளாறு என்று மருத்துவர் சொன்ன பிறகு, டயட்டீஷியன் துணையோடு நான் செய்ததையும் படித்துத் தெரிந்துகொண்டதையும் வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: எதையும் நிறுத்துவதற்கு முன்னால் பரிசோதனை

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். நானும் தாண்டினேன், பிறகு திரும்பி வர வேண்டியதாயிற்று.

கோதுமை, பார்லி, ரை என்ற மூன்று தானியங்களிலும் இருக்கும் புரதம்தான் குளூட்டன். இதைச் சாப்பிட்டால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலைத் தாக்குவது சீலியாக் நோய். அது ஐபிஎஸ் இல்லை, ஆனால் அறிகுறிகள் பார்ப்பதற்கு ஒன்றாகவே இருக்கும். டிடிஜி ஐஜிஏ (tTG-IgA) என்ற ரத்தப் பரிசோதனையில் அது தெரியும், கூடவே ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள் ரத்தத்தில் மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்றும் பார்ப்பார்கள். சிக்கல் என்னவென்றால், நீங்கள் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருந்தால்தான் அந்தப் பரிசோதனை சரியாகச் சொல்லும். முன்கூட்டியே நிறுத்திவிட்டால் நோய் இருந்தாலும் இல்லை என்று வரலாம். அதற்காக என்னை மறுபடி ஆறு வாரம் தினமும் கோதுமை சாப்பிடச் சொன்னார்கள். வயிற்றுவலியோடு சம்பளம் இல்லாமல் பார்த்த ஓவர்டைம் அது.

தென்னிந்தியாவில் சீலியாக் குறைவு. 2016இல் வெளியான ஓர் ஆய்வின்படி, சீலியாக்கைக் காட்டும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்தவர்கள் வடக்கே பெரியவர்களில் 1.23 சதவீதம், தெற்கே 0.10 சதவீதம், அதாவது ஆயிரத்தில் ஒருவர். குறைவு என்பதற்காகப் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது. சீலியாக் என்று உறுதியானால் வாழ்நாள் முழுக்க ஒரு துளி குளூட்டன்கூடக் கூடாது. அதற்கு இந்தப் பதிவு போதாது.

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, ஐம்பது வயதை ஒட்டிப் புதிதாக ஆரம்பித்த தொந்தரவு, குடும்பத்தில் குடல் புற்றுநோய் என்று இதில் ஏதாவது ஒன்று இருந்தால்கூட உணவை மாற்றிப் பார்த்து நாளைக் கடத்த வேண்டாம். நேராக மருத்துவரிடம் போங்கள்.

படி 2: நோட்டுப் போடுங்கள்

குறைந்தது இரண்டு வாரம், சாப்பாட்டில் எதையும் மாற்றாமல் எழுத வேண்டும். நான் பழைய பால் கணக்கு நோட்டில் எழுதினேன். நேரம், சாப்பிட்டது, வயிறு என்ன செய்தது, தூக்கமும் டென்ஷனும் எப்படி என்று நான்கு கட்டம். மலத்தின் தன்மையை எழுதக் கூச்சப்படாதீர்கள். பிரிஸ்டல் அட்டவணை என்று ஒன்று இருக்கிறது, 1 முதல் 7 வரை எண். 1, 2 என்றால் மலச்சிக்கல், 6, 7 என்றால் பேதி. எண்ணை மட்டும் குறித்தால் போதும், யார் கையில் கிடைத்தாலும் லாட்டரிக் கணக்கு என்று நினைத்துக்கொள்வார்கள்.

'சாம்பார் சாதம்' என்று எழுதினால் பயன் இல்லை. 'சாம்பார், சின்ன வெங்காயம் பத்து, முருங்கைக்காய், துவரம்பருப்பு' என்று எழுத வேண்டும்.

என் நோட்டில் ஒன்று தட்டுப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வயிறு அமைதியாக இருந்தது. ஆபீஸ் டென்ஷன் இல்லாததால் என்று முதலில் நினைத்தேன். நடுவில் ஒரு வாரநாளிலும் அதே அமைதி. என்ன சாப்பிட்டோம் என்று முந்தின நாள் பக்கத்தைப் பார்த்தால், மகாளய அமாவாசை. அது புரட்டாசி மாதம். சனிக்கிழமைகளிலும் அமாவாசையன்றும் அம்மா வெங்காயம், பூண்டு சேர்க்க மாட்டார். நோட்டை அவரிடம் காட்டினேன். "பெருமாள் கண் திறந்துட்டார்டா" என்றார். பெருமாளோ யாரோ, எனக்குத் துப்புக் கிடைத்துவிட்டது.

கோதுமைக்கும் வெங்காயத்துக்கும் என்ன உறவு?

கோதுமையில் குளூட்டன் மட்டும் இல்லை, ஃப்ரக்டான் என்ற மாவுச்சத்து வகை ஒன்றும் இருக்கிறது. வெங்காயத்திலும் பூண்டிலும் இருப்பது அதே வகைதான். இதைச் செரிக்கும் நொதி மனிதக் குடலில் கிடையாது. அது அப்படியே பெருங்குடலுக்குப் போய்ச் சேர்கிறது, அங்குள்ள பாக்டீரியாக்கள் புளிக்கவைத்து வாயு உண்டாக்குகின்றன. எல்லோருக்கும் நடப்பதுதான். ஐபிஎஸ் உள்ளவர்களுக்குக் குடல் நரம்புகள் கூர்மையாக இருப்பதால் அதே வாயு வலியாகத் தெரிகிறது.

இந்த மாதிரி செரிக்காமல் புளிக்கும் சர்க்கரைச் சத்துகளுக்கெல்லாம் சேர்த்து ஃபாட்மேப் என்று பெயர். அவற்றைக் குறைத்துச் சாப்பிடும் முறையை உருவாக்கியவர்கள் ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தார். 'எனக்குக் குளூட்டன் ஆகாது' என்று சொன்ன, சீலியாக் இல்லாத 37 பேரை வைத்து அவர்களே 2013இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஃபாட்மேப்பைக் குறைத்ததும் எல்லோருக்கும் தேவலாம் என்று ஆனது. அதன்பின் குளூட்டனைத் தனியாகக் கொடுத்துப் பார்த்தால், அதனால் மட்டும் தொந்தரவு வந்தவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. 2018இல் நார்வே ஆய்வில் 59 பேருக்குக் குளூட்டன் உள்ளது, ஃப்ரக்டான் உள்ளது, இரண்டும் இல்லாதது என்று பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் மூன்று விதமான தானியக் கட்டிகள் (பார்) கொடுத்தார்கள். அதிகம் படுத்தியது ஃப்ரக்டான்.

கோதுமையை நிறுத்தியதும் வயிறு சரியாகிறது என்றால் காரணம் குளூட்டன்தான் என்று அர்த்தமில்லை.

படி 3: நான்கு முதல் ஆறு வாரம், எல்லாவற்றையும் குறைத்து

நம் சமையலில் குளூட்டனை விடுவது சுலபம். அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு எதிலும் அது கிடையாது. இட்லி, தோசை, இடியாப்பம், புட்டு எல்லாம் இருக்கிறது. பரோட்டா, சப்பாத்தி, ரவை, சேமியா, மைதா பிஸ்கட் என்று கண்ணுக்குத் தெரிவதை யாரும் நிறுத்திவிடுவார்கள். ஒளிந்திருப்பவைதான் ஏமாற்றும். தூள் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதாவோ அரிசி மாவோ கலந்திருக்கும், டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். சத்துமாவில் கோதுமை, பார்லி இருக்கும். ஹோட்டல் ஃபிரைடு ரைஸில் ஊற்றும் சோயா சாஸில் கோதுமை உண்டு. கேழ்வரகு சேமியா பாக்கெட்டிலும் கோதுமை மாவு சேர்ந்திருக்கலாம். 'குளூட்டன் ஃப்ரீ' என்று அச்சடிக்க வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு விதி.

கஷ்டம் வெங்காயத்தையும் பூண்டையும் விடுவதில்தான். இங்கே அமாவாசைச் சமையல் கைகொடுக்கும். மிளகு ரசம், மோர்க்குழம்பு, சௌசௌ கூட்டு, தேங்காய்ச் சாதம், எலுமிச்சைச் சாதம் எல்லாம் வெங்காயம் இல்லாமலே பழகிய ருசிகள்.

பூண்டு வாசனை இல்லாமல் முடியாது என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. இரண்டு ஸ்பூன் நல்லெண்ணெயைச் சின்னத் தீயில் காயவைத்து, உரித்த பூண்டு நான்கு பல் போடுங்கள். பொன்னிறமானதும் நான்கையும் எண்ணி வெளியே எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகுதான் கடுகு, அப்புறம்தான் புளித்தண்ணீர். பூண்டு உள்ளே கிடக்கும்போதே புளித்தண்ணீர் ஊற்றினால் எல்லாம் குழம்பில் இறங்கிவிடும். ஒரு தடவை மூன்று பல்தான் கையில் வந்தது, நான்காவது குழம்பிலேயே தங்கிவிட்டது. அன்றைய பக்கத்தில் பிரிஸ்டல் எண் 6. இந்த எண்ணெயை அன்றன்றைக்குச் செய்துகொள்ளுங்கள். பூண்டு ஊறிய எண்ணெயை வெளியே வைத்திருந்தால் ஆபத்தான கிருமி வளரும்.

வெங்காயத்துக்குப் பதில் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி மட்டும். வெள்ளைப் பகுதி வேண்டாம்.

பருப்பு அடுத்த தலைவலி. கடலைப்பருப்பு, கொண்டைக்கடலை, ராஜ்மா, பட்டாணியை இந்த வாரங்களில் ஒதுக்குங்கள். பாசிப்பருப்பு கொஞ்சமாக, ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் பலருக்கு ஒத்துக்கொள்ளும். 'வயிறு சரியில்லை, பருப்புத் தண்ணி ரசம் வை' என்று வீட்டில் சொல்வோமே, அதில் ஒரு வேடிக்கை: பருப்பிலுள்ள வாயுச் சத்து கரைவது அந்தத் தண்ணீரில்தான். பருப்பில்லாத மிளகு ரசம் மேல். ஹோட்டல் தேங்காய்ச் சட்னியில் பாதி பொட்டுக்கடலை, அதுவும் கடலைதான்.

பாலைக் குறையுங்கள், லாக்டோஸ் (பாலிலுள்ள சர்க்கரை) இல்லாத பால் கிடைத்தால் நல்லது. புளித்த தயிரில் லாக்டோஸ் கொஞ்சம் குறைவு. நீர்மோராக முதலில் கொஞ்சம் குடித்துப் பாருங்கள். மாம்பழம், ஆப்பிள், தர்பூசணி வேண்டாம். பப்பாளி, ஆரஞ்சு, அன்னாசி ஆகலாம். வாழைப்பழம் நன்றாகக் கனிந்து கரும்புள்ளி விழுந்தால் ஃப்ரக்டான் ஏறும், கொஞ்சம் கெட்டியாக இருக்கும்போதே சாப்பிடுங்கள். காலிஃப்ளவர், காளான் இரண்டும் கூடாது.

சப்பாத்திக்குப் பதில் சாதம் என்றால் சுகர் உள்ளவர்கள் அளவையும் பார்க்க வேண்டும். மலச்சிக்கல் உள்ளவர்கள் இசப்கோல் என்ற நார்ச்சத்து உமியைக் கால் ஸ்பூனில் ஆரம்பித்து, நிறையத் தண்ணீரோடு மெல்ல ஏற்றலாம். கோதுமைத் தவிடு பலருக்கு வயிற்றை இன்னும் ஊதவைக்கும். காபியும் பச்சைமிளகாயும் ஃபாட்மேப் கணக்கில் பெரிதாக வராது, ஆனாலும் குடலைக் கிளறும். வெறும் வயிற்றில் இரண்டு டம்ளர் ஃபில்டர் காபி குடித்துவிட்டு வெங்காயத்தைத் திட்டக் கூடாது.

ஆறு வாரமாகியும் மாற்றம் இல்லையா? இந்த வழி உங்களுக்கானது இல்லை. பழைய சாப்பாட்டுக்குத் திரும்பி, மருத்துவரிடம் வேறு வழி கேளுங்கள்.

படி 4: ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவருவது

வயிறு அமைதியானதும் பலர் அப்படியே நின்றுவிடுகிறார்கள். இவ்வளவையும் ஒதுக்கிக்கொண்டே காலம் தள்ளக் கூடாது, குடலுக்கு நல்லது செய்யும் பாக்டீரியாக்களுக்கும் இதுதான் தீனி. அதனால் சோதனை.

ஒரு நேரத்தில் ஒரே பொருள், மூன்று நாள், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி. மற்ற சாப்பாடு படி 3இல் இருந்தது போலவே. தொந்தரவு வந்தால் உடனே நிறுத்திவிடலாம். பிறகு இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு அடுத்தது.

கோதுமைச் சோதனையில் ஒரு நுணுக்கம். முதல் நாள் அரைச் சப்பாத்தி, அடுத்த நாள் ஒன்று, மூன்றாம் நாள் இரண்டு. தொட்டுக்கொள்ள வெங்காயக் குருமா கூடாது, வெங்காயம் போடாத உருளைக்கிழங்கு மசால் போதும். வெங்காயத்துக்குத் தனியாக மூன்று நாள், பூண்டுக்குத் தனியாக மூன்று நாள். கோதுமை, வெங்காயம், பூண்டு மூன்றுமே படுத்தினால் ஃப்ரக்டான் மேல்தான் சந்தேகம். வெங்காயமும் பூண்டும் பேசாமல் போய், கோதுமை மட்டும் படுத்தினால் கோதுமையில் வேறு ஏதோ ஒன்று, ஒருவேளை குளூட்டனாகவே இருக்கலாம். அப்போது குளூட்டன் இல்லாமல் சாப்பிடுவதில் பொருள் உண்டு. இது வீட்டுக் கணக்குதான், லேப் ரிப்போர்ட் இல்லை.

பாலை லாக்டோஸுக்காகவும், பருப்பை அதிலுள்ள வாயுச் சத்துக்காகவும், மாம்பழத்தை ஃப்ரக்டோஸ் என்ற பழச்சர்க்கரைக்காகவும், காலிஃப்ளவரை மேனிடால் என்ற இன்னொரு சர்க்கரை வகைக்காகவும் இதே போல் பார்க்கலாம். கல்யாண வீட்டு விருந்து வரும் வாரத்தில் எந்தச் சோதனையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருப்பது இது: சப்பாத்தி இரண்டு வரை சரி, மூன்றாவதில் உப்புசம். வெங்காயம் ஒரு ஸ்பூனுக்கு மேல் ஆகாது. பூண்டு எண்ணெயில் மட்டும். கடலைப்பருப்பு அடை, இல்லவே இல்லை. பால் பிரச்சினை இல்லை. மாம்பழம் ஒரு பத்தை.

இப்போது வாரம் நான்கு நாள் ராத்திரி சப்பாத்திதான் சாப்பிடுகிறேன். குருமாவுக்குப் பதில் அம்மா வெங்காயம் போடாமல் தக்காளித் தொக்கு செய்து தருகிறார், மேலே வெங்காயத்தாள் கிள்ளிப் போட்டு.