சம்பளத்தில் ஜீவனாம்சப் பிடித்தம்: இரு தரப்பும் செய்யும் தவறுகள்

பிள்ளைக்கான ஜீவனாம்சத்தைக் கட்டாமல் விட்டவரின் சம்பளத்தில் கோர்ட் எவ்வளவு வரை பிடிக்கலாம்? இந்தியாவில் இதற்கான பதில் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆவது பிரிவில் இருக்கிறது. ஆனால் நீதிமன்ற வராந்தாவில் காதில் விழும் கணக்கு பல நேரம் வேறாக இருக்கிறது. அதை நம்பி அப்பாக்களும் ஏமாறுகிறார்கள், அம்மாக்களும் ஏமாறுகிறார்கள். கடைசியில் பள்ளிக் கட்டணம் கட்ட முடியாமல் நிற்பது பிள்ளைதான்.

“சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தொட முடியாது” என்பதுதான் அடிக்கடி கேட்கும் தவறு. அது சாதாரணக் கடனுக்கான விதி. கடன் வழக்கில் முதல் 1,000 ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் சம்பளக்காரருக்குப் பாதுகாப்பு. ஜீவனாம்சத் தீர்ப்பாணை என்றால் கணக்கு தலைகீழ்: மூன்றில் ஒரு பங்குக்குத்தான் பாதுகாப்பு, மீதி இரண்டு பங்கு வரை ஜப்தி செய்யலாம். மாதம் 31,000 ரூபாய் வாங்குபவரிடம் வங்கிக் கடனுக்காக 10,000 வரைதான் பிடிக்க முடியும். பிள்ளையின் ஜீவனாம்சத்துக்காக 20,666 வரை பிடிக்கலாம். கடனுக்கான ஜப்தி மொத்தம் 24 மாதம் ஓடிவிட்டால் அதே தீர்ப்பாணைக்காக மேற்கொண்டு பிடிக்க முடியாது என்ற சலுகையும் உண்டு. ஜீவனாம்சத்துக்கான விதியில் அந்தச் சலுகை இல்லை. “ரெண்டு வருஷம் ஓட்டிட்டா போதும்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு என்றதும், மாதாமாதம் அவ்வளவு கிடைக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். அது பிடித்தத்தின் உச்சவரம்பு மட்டுமே. ஜீவனாம்சத் தொகையை நீதிமன்றம் இரு தரப்பின் வருமானம், பிள்ளையின் தேவை, மற்ற பொறுப்புகள் எல்லாவற்றையும் பார்த்துத் தனியாக நிர்ணயிக்கும். நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் என்று பலர் சொல்வது 2017இல் உச்ச நீதிமன்றம் ஒரு மனைவியின் ஜீவனாம்ச வழக்கில் சொன்ன அளவு. எல்லா வழக்குக்கும் பொருந்தும் கட்டாய விதி அல்ல. உச்சவரம்பு முக்கியமாவது பாக்கி சேரும்போதுதான். மேலே சொன்ன 31,000 ரூபாய்க்காரருக்கு மாதம் 7,000 என்று உத்தரவு, பத்து மாதம் கட்டவில்லை என்று வைத்துக்கொள்வோம். நடப்பு 7,000 போக, பழைய 70,000 பாக்கிக்காகவும் மாதம் 13,666 வரை பிடிக்க இடமிருக்கிறது.

கார் கடன், பெர்சனல் லோன் தவணையெல்லாம் கழித்த பிறகு கையில் வரும் தொகையைக் காட்டி “என் சம்பளமே இவ்வளவுதான்” என்பதும் எடுபடாது. இந்தப் பிரிவில் சம்பளம் என்றால் மாத ஊதியம் மொத்தமும். ஜப்தியிலிருந்து விலக்கு என்று அரசு அறிவித்த படிகள் மட்டுமே கழியும்.

தாய்மார்கள் செய்யும் தவறுகளில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது, காத்திருப்பது. “அடுத்த மாசம் சேர்த்துத் தர்றேன்” என்ற பேச்சை நம்பிக் காலம் போய்விடுகிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆவது பிரிவில், அதாவது 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆவது பிரிவில் கிடைத்த உத்தரவு என்றால், பணம் கட்ட வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போட்டால்தான் அந்தத் தொகையை வசூலிக்க வாரண்ட் கிடைக்கும். தயவுசெய்து அந்தத் தேதிகளைக் குறித்து வையுங்கள்.

வாரண்டோடு வழி முடிந்துவிடவில்லை. ஜீவனாம்ச உத்தரவைப் பணத் தீர்ப்பாணை போலவே நிறைவேற்றலாம் என்று ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020இல் சொல்லியிருக்கிறது. குடும்ப வன்முறைச் சட்டத்தில் வழக்கு நடந்தால், 20ஆவது பிரிவின்படி சம்பளத்தில் ஒரு பகுதியை நேரடியாகக் கொடுக்கும்படி முதலாளிக்கே மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். எந்த வழியானாலும் எதிர்த்தரப்பு வேலை செய்யும் நிறுவனத்தின் பெயர், முகவரி, சம்பளம் போடும் அலுவலகம் எது என்ற விவரம் கையில் வேண்டும். அதே 2020 தீர்ப்பின்படி இரு தரப்பும் வருமானம், சொத்து பற்றிய பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். அதன் நகலை வாங்கி வைத்துக்கொண்டால் பாதி வேலை முடியும்.

கம்பெனி கணக்குப் பிரிவுகளுக்கும் ஒரு வார்த்தை. கோர்ட் பிடிக்கச் சொன்ன பிறகும் முழுச் சம்பளத்தை ஊழியர் கணக்கில் போட்டால், அந்தத் தொகைக்கு நிறுவனமே பொறுப்பாகும்.

“ஒரு மாசம் ஜெயில்ல இருந்துட்டா கணக்கு தீர்ந்துடும்” என்பதும் தவறு. சிறை என்பது பணத்தைக் கட்டவைக்கும் வழிதான், பாக்கி அப்படியே நிற்கும் என்று உச்ச நீதிமன்றம் 1988லேயே சொல்லிவிட்டது. உண்மையிலேயே வேலை போயிருந்தால் அல்லது வருமானம் குறைந்திருந்தால், தொகையைக் குறைக்கச் சொல்லி பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 146ஆவது பிரிவில் உடனே மனு போடுங்கள். உத்தரவு மாறும் வரை பழைய தொகை மாதாமாதம் சேர்ந்துகொண்டே போகும். அப்புறம், அவர் வேலை மாறிவிட்டார் என்று தெரிந்தால் பழைய நிறுவனத்துக்குப் போன உத்தரவை நம்பி இருக்காதீர்கள். புது நிறுவனத்தின் விவரத்தோடு மறுபடி நீதிமன்றத்தில் மனு கொடுங்கள்.