கிறிஸ்துமஸ் ராத்திரி இருபது பேருக்குச் சாப்பாடு

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மதியம் வேண்டாம், ராத்திரி வையுங்கள். நள்ளிரவு ஆராதனை முடிந்து, கோயில் வாசலில் எல்லாருக்கும் கை கொடுத்து வாழ்த்துச் சொல்லி, வீடு வந்து படுக்கவே இரண்டு இரண்டரை ஆகிவிடும். காலையில் எழுந்தால் அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கேக்கும் அச்சுமுறுக்கும் போக வேண்டும். இதற்கு நடுவில் பன்னிரண்டரைக்குள் இருபது பேருக்கு மட்டன் பிரியாணி என்றால், சமைத்தவர் உட்காரும்போது மணி நாலாகி, ஆறிப்போன சோற்றில் எலும்புதான் மிஞ்சியிருக்கும். எங்கள் வீட்டில் அம்மா பல வருஷம் அப்படித்தான் சாப்பிட்டார். இப்போது எங்கள் வீட்டில் ஒரே விதி: சமைக்கிற ஆளும் முதல் பந்தியில் உட்கார வேண்டும். கீழே இருப்பதெல்லாம் அதற்கான ஏற்பாடுதான்.

ஆள் கணக்கு. சீரகச் சம்பா 1 கிலோ போட்டால் எட்டுப் பேர் வயிறார சாப்பிடலாம், பத்து வயதுக்குக் கீழே உள்ளதை அரை ஆள் என்று வையுங்கள். இருபது பேருக்கு 2½ கிலோ அரிசி, 3 கிலோ கறி. "எதற்கும் இருக்கட்டும்" என்று நாலு கிலோ அரிசி போடச் சொல்லும் மாமா எல்லா வீட்டிலும் இருப்பார், சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு இரண்டரையே போடுங்கள்.

பிரியாணி, கத்தரிக்காய்த் தொக்கு, தயிர் வெங்காயம், சிக்கன் மிளகு வறுவல், சேமியா பாயசம், அப்புறம் கேக். போதும். சிக்கன் 65, கட்லெட், மீன் வறுவல் மாதிரி சுடச்சுடப் பொரித்துத் தர வேண்டிய எதையும் சேர்க்காதீர்கள், அதைச் சேர்த்தால் ஒருவர் கடைசிவரை எண்ணெய்ச் சட்டி முன்னால்தான் நிற்பார். மிளகு வறுவலை மதியமே செய்து வைத்து, சாப்பிடும் முன் ஒரு சூடு காட்டினால் இன்னும் நன்றாகத்தான் இருக்கும்.

சைவம் சாப்பிடுபவர்கள் வருகிறார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். வந்தால், அவர்களுடைய காய்கறி பிரியாணியை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால், தனிப் பாத்திரத்தில், தனிக் கரண்டியோடு செய்து மேசையின் மறு கோடியில் வையுங்கள். மட்டன் கிண்டிய கரண்டி தவறி உள்ளே போய்விட்டால் அவர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், சாப்பிடவும் மாட்டார்கள். தொக்கையும் இரண்டு கிண்ணமாகப் பிரித்துவிடுங்கள். இன்னொன்று, பிளம் கேக்கில் முட்டை இருக்கிறது, ஊறவைத்த பழத்தில் பல வீடுகளில் ரம்மும் இருக்கிறது, கேட்பவர்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பாயசத்தைப் பட்டியலில் வைத்தது அவர்களுக்காகத்தான்.

கறியை 23-ஆம் தேதியே சொல்லிவைத்து 24 மதியம் வாங்கிவிடுங்கள், 25 காலை கறிக்கடை வரிசையில் நிற்பவனுக்கு நல்ல துண்டு கிடைப்பது அதிர்ஷ்டம். வெறும் தொடைக்கறி வேண்டாம், வேகும்போது வறண்டுபோகும். முன்னங்கால், நெஞ்செலும்பு, கொஞ்சம் தொடை என்று கலந்து, கிலோவுக்கு இருபது துண்டு வருகிற மாதிரி பிரியாணிக்கு வெட்டச் சொல்லுங்கள். கழுவி வடித்து, தயிர், உப்பு, கொஞ்சம் இஞ்சி பூண்டு விழுது பிசறி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் கோயிலுக்கு நிம்மதியாகக் கிளம்பலாம்.

பாத்திரம்தான் நான் அடிபட்டுக் கற்றுக்கொண்டது. ஒரு வருஷம் பெரிய அண்டாவை வாடகைக்கு எடுத்துவந்து மூன்று கிலோ அரிசியையும் அதிலேயே போட்டேன். வீட்டு அடுப்பின் தீ அந்த அடிக்கு நடுவில் ஒரு தட்டு அளவுக்குத்தான் படும், நடுவில் கருகி, ஓரத்தில் அரிசி நறுக் நறுக்கென்று இருந்தது, சித்தப்பா மட்டும் "கருகின வாசனைதான்டா ருசி" என்று சாப்பிட்டார். அதனால் இரண்டு கனமான பாத்திரம், ஒவ்வொன்றிலும் 1¼ கிலோ அரிசி, இரண்டு அடுப்பு. சிலிண்டரையும் தூக்கிப் பாருங்கள், 14.2 கிலோ கேஸ் எப்போது தீரும் என்று பார்த்தால் பெரும்பாலும் தம் போடும் நேரத்தில்தான் தீரும்.

ஒரு கிலோ அரிசிக்கு என் அளவு: எண்ணெய் நெய் சேர்த்து 200 மில்லி, வெங்காயம் அரை கிலோ, தக்காளி 350 கிராம், இஞ்சி பூண்டு தலா 100 கிராம், தயிர் 150 மில்லி, பச்சை மிளகாய் எட்டு, மிளகாய்த்தூள் இரண்டு தேக்கரண்டி, புதினா மல்லி ஒவ்வொரு கைப்பிடி, பட்டை கிராம்பு ஏலம் வாசனைக்கு. வெங்காயம் பொன்னிறமாகும்வரை பொறுமை வேண்டும், அதில் அவசரப்பட்டால் பின்னால் எதைப் போட்டாலும் ஈடுகட்ட முடியாது. மாலை நாலு மணிக்கெல்லாம் தாளித்து வதக்கி, கறியையும் போட்டு முக்கால் பதம் வேகவைத்து விடுங்கள். குக்கர் என்றால் நாலு விசில், இளங்கறியானால் மூன்றே போதும்.

நேரத்தைச் சாப்பிடும் மணியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். எட்டு மணிக்குப் பந்தி என்றால் ஆறரைக்கு அரிசி ஊற வேண்டும், அரை மணிக்கு மேல் ஊறினால் சீரகச் சம்பா உடையும். ஆறே முக்காலுக்குக் கறி மசாலாவில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க விடுங்கள். ஒரு டம்ளர் அரிசிக்கு ஒன்றரை டம்ளர், கறி விட்ட தண்ணீரும் இந்தக் கணக்கில் சேர்த்தி. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் குழைத்துவிடுகிறார்கள். கொதித்ததும் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள், உப்பு ஒரு கல் தூக்கலாக இருக்க வேண்டும், அரிசி இழுத்துக்கொள்ளும். ஏழு மணிக்கு அரிசி. தண்ணீரும் அரிசியும் சமமாக வந்ததும் எலுமிச்சை பிழிந்து, அடியில் பழைய தோசைக்கல்லை வைத்து, மூடிமேல் கனமான எதையாவது ஏற்றி இருபது நிமிஷம் சிறு தீ, அணைத்தபின் இன்னொரு இருபது நிமிஷம் தொடக்கூடாது. யார் வந்து "வாசனை வருதே, திறந்து பார்க்கலாமா" என்று கேட்டாலும் கூடாது.

விருந்தினர்களை ஏழு மணிக்கு வரச் சொல்லுங்கள், ஏழேகாலுக்குக் கேக் வெட்டினால் பிள்ளைகளும் அடங்கும். அந்த நாற்பது நிமிஷம் அடுப்பில் உங்களுக்கு வேலையே கிடையாது, குளித்து உடை மாற்றிக்கொண்டு வந்துவிடலாம். சர்க்கரைக்கு மாத்திரை அல்லது ஊசி போடுகிற பெரியவர்கள் இருந்தால் அவர்கள் வழக்கமாகச் சாப்பிடும் நேரம் தெரிந்துகொண்டு முன்னதாகவே பரிமாறுங்கள்.

"என்ன கொண்டு வரட்டும்?" என்று நண்பர்கள் கேட்டால் மரியாதைக்காக "ஒன்றும் வேண்டாம், நீங்கள் வந்தாலே போதும்" என்று சொல்லாதீர்கள். ஒருவர் தயிர், ஒருவர் வாழை இலை, ஒருவர் 20 லிட்டர் தண்ணீர் கேன் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள், கேட்டவர்களுக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கும். மொட்டை மாடியில் பந்தி போடும் ஆசை எனக்கும் உண்டு, ஆனால் சென்னை டிசம்பரை நம்ப முடியாது, வடகிழக்குப் பருவமழை வீட்டுக்காரர் மாதிரி சொல்லாமல் வந்து நிற்கும், ஹாலிலும் இடம் ஒதுக்கி வையுங்கள்.

மிஞ்சிய பிரியாணியை விடியும்வரை அண்டாவிலேயே விட்டுவிடாதீர்கள், இரண்டு மணி நேரத்துக்குள் சின்னச் சின்ன டப்பாவாகப் பிரித்து ஃபிரிட்ஜுக்குள் தள்ளுங்கள், பாதியைக் கிளம்புகிறவர்கள் கையில் கொடுத்து விடுங்கள். மறுநாள் காலை லேசாகத் தண்ணீர் தெளித்து, மூடி போட்டு ஆவி பறக்கச் சூடு செய்தால், இட்லிக்கு மாவு அரைக்காததை யாரும் கேட்க மாட்டார்கள்.