சுருவத்தையும் மிஷன் படத்தையும் சீக்கியக் கண்ணால் வாசிப்பது எப்படி

கத்தோலிக்கரின் சுருவத்தையும் (புனிதர் சிலை) மிஷன்களின் கிறிஸ்தவப் படத்தையும் சீக்கியர் ஒருவர் எப்படிப் பார்ப்பார் என்று கொப்பியில் எழுதிப் பழகும் வழி இது. யாழ்ப்பாணத்தில் சீக்கியர் என்றதும் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது 1987இல் தலைப்பாகையோடு வந்து இறங்கிய இந்திய இராணுவம். அதை மறைக்கத் தேவையில்லை. கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதிவைத்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்புங்கள். எழுதாமல் விட்டால் படத்தில் வாளைக் காணும் இடமெல்லாம் அது உள்ளே நுழைந்துகொள்ளும்.

மிஷன் படங்களைச் சைவக் கண்ணால் பார்ப்பது நமக்கு ஆறுமுக நாவலர் காலத்திலிருந்தே பழக்கம். அமெரிக்க மிஷன் 1816இல் இங்கே வந்தது. 1834இல் இன்னொரு அமெரிக்க மிஷன் பஞ்சாபின் லூதியானாவில் இறங்கியது. இரண்டு இடத்திலும் பள்ளிக்கூடமும் அச்சகமும்தான் கருவி. இங்கே 1848இல் வண்ணார்பண்ணையில் நாவலரின் சைவப் பள்ளிக்கூடம் எழுந்தது. அங்கே மிஷன் பள்ளியில் படித்த நான்கு சீக்கிய மாணவர்கள் மதம் மாறப்போவதாகச் சொன்ன பிறகு, 1873இல் அமிர்தசரசில் சீக்கியச் சீர்திருத்த அமைப்பான சிங் சபை எழுந்தது. கதை ஒன்றுபோல இருந்தாலும் வழக்கு ஒன்றல்ல. ‘விக்கிரகத்தை வணங்குகிறீர்கள்’ என்ற குற்றச்சாட்டுக்குச் சைவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. சீக்கியருக்கு அந்தச் சொல் படவே இல்லை, ஏனென்றால் அவர்களும் உருவ வழிபாட்டை ஏற்காதவர்கள். அவர்களுடைய முரண்பாடு வேறு இடத்தில் இருக்கிறது: கடவுள் பிறப்பாரா? ஒருவர் பாவத்துக்கு இன்னொருவர் பலியாக முடியுமா? நாவலரின் கேள்விகளைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சீக்கியர் வாயில் வைப்பதுதான் இந்த வேலையில் வரும் முதல் பிழை.

எந்த வீட்டுப் படம்?

ஒரு நேரத்தில் ஒரு படம் போதும். அது கத்தோலிக்கச் சுருவமா, புரட்டஸ்தாந்து அச்சுப் படமா என்பதை முதல் வரியில் குறியுங்கள். அமெரிக்க மிஷன் சேர்ச்சுகளில் சுருவம் தேடினால் கிடைக்காது. அவர்களுடைய அடையாளங்கள் பத்திரிகைத் தலைப்பிலும் பாடசாலைச் சின்னத்திலும் இருக்கும். 1841இல் தொடங்கிய ‘உதயதாரகை’யின் விடிவெள்ளி நல்ல உதாரணம். கத்தோலிக்கர் பக்கம் சுருவம், கண்ணாடி ஓவியம், இயேசு பிறப்பைக் காட்டும் பாலன் கூடு. இரண்டையும் ‘வேதக்காரர் படம்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டினால் பிறகு அவிழ்க்க முடியாது.

அடுத்த பத்து நிமிடம் பெயர் சொல்லாமல் விவரியுங்கள். ‘மாதா’ என்று எழுத வேண்டாம். ‘நீல மேலாடை, வெறுங்கால், காலடியில் பிறையும் பாம்பும், தலையைச் சுற்றி பன்னிரண்டு நட்சத்திரம்’ என்று எழுதுங்கள். பெயரை எழுதியவுடன் கண் வேலையை நிறுத்திவிடும்.

பிறகு பக்கத்தை மூன்றாக மடியுங்கள். இடப்பக்கம் அந்த அடையாளத்துக்குக் கிறிஸ்தவர் தரும் பொருள், நடுவில் சீக்கிய வாசிப்பு, வலப்பக்கம் யாழ்ப்பாணத்தவர் கண்ணுக்குத் தானாகத் தோன்றுவது. மூன்றாவது பத்தி அவசியமா என்று கேட்பவர்கள் உண்டு. அது இல்லாவிட்டால் அந்தச் சரக்கு முழுவதும் நடுப்பத்தியில் போய் விழும்; அனுபவத்தில் அப்படித்தான் நடக்கிறது.

பாம்பை வைத்துப் பழகுங்கள்

மேலே சொன்ன அமல உற்பவ மாதா சுருவம், 1847இல் இலங்கைக்கு வந்த அமலமரித் தியாகிகள் சபை யாருடைய பெயரைத் தாங்குகிறதோ அவருடையது. காலடிப் பாம்பு ஆதியாகமத்தில் ஏவாளை ஏமாற்றிய பாம்பு. அதன் தலை நசுக்கப்படும் என்ற வாக்கு 3ஆம் அதிகாரம் 15ஆம் வசனத்தில் இருக்கிறது. இது இடப்பத்தி.

வலப்பத்தியில் நயினாதீவு நாகபூசணி வந்து நிற்பாள். பாம்பை மிதிப்பது நம்மூர்க் கண்ணுக்கு உறுத்தும். அதையும் எழுதுங்கள்.

நடுப்பத்தியில் அவசரப்படாதீர்கள், இங்கே இரண்டு பாம்பு இருக்கின்றன. சீக்கியரின் முதல் குருவான குரு நானக்கின் வாழ்க்கைக் கதைகளான ஜனம்சாகிகளில், மாடு மேய்க்கப் போன சிறுவன் மரத்தடியில் தூங்க, முகத்தில் வெயில் படாமல் ஒரு நாகம் படம் விரித்து நிழல் தருகிறது; ஊர்த் தலைவர் ராய் புலார் அதைக் காண்கிறார். இந்தப் படத்தை மட்டும் பார்த்துவிட்டுச் ‘சீக்கியருக்குப் பாம்பு புனிதம்’ என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் சீக்கியரின் புனித நூலான குரு கிரந்த் சாகிப்பின் 510ஆம் பக்கத்தில் மூன்றாம் குரு அமர்தாஸ் மாயையை உலகைச் சுற்றிப் பிணைந்திருக்கும் நாகினி என்கிறார். ஆகவே மாதாவின் காலடிப் பாம்பைச் சீக்கியர் ஒருவர் மாயை என்று வாசிக்க வழியுண்டு. ஆனால் அதை அடக்குவது குருவின் சொல். இன்னொருவர் காலால் ஒரே தடவையில், எல்லோருக்குமாக நசுக்கப்படுவது அந்த வாசிப்பில் சேராது. பொருத்தம் எங்கே முடிகிறது என்பதை ஒரு கோடு போட்டுக் காட்டுங்கள். கோடு இல்லாத ஒப்பீடு வெறும் உபசாரம்.

அம்புக்குறி

ஆட்டுக்குட்டி, சிலுவை, இரத்தம் சிந்தும் இதயம் போன்ற பலி அடையாளங்களில் யார் யாருக்குக் கொடுக்கிறார் என்று அம்புக்குறி போடுங்கள். கொடி தாங்கிய ஆட்டுக்குட்டியில் அம்பு கடவுளிடமிருந்து மனிதருக்கு வருகிறது. 1699 வைசாகித் திருநாளில் பத்தாம் குரு கோபிந்த் சிங் சீடரிடம் தலை கேட்டபோது ஐந்து பேர் எழுந்தார்கள். அங்கே அம்பு சீடரிடமிருந்து குருவுக்குப் போகிறது. 1675இல் டில்லியில் ஒன்பதாம் குரு தேக் பகதூர் உயிர் கொடுத்ததைச் சிலுவையோடு ஒப்பிடும் ஆசை வரும். சீக்கிய மரபு அதைப் பிறருடைய சமய உரிமைக்காகக் கொடுத்த உயிர் என்று சொல்கிறது. பிறருடைய பாவக் கடனைத் தீர்த்ததாகச் சொல்வதில்லை. பரம்பரையாக வரும் ஆதிப் பாவம் என்ற எண்ணமே அங்கில்லை. இருப்பது ‘ஹௌமை’, நான் என்னும் முனைப்பு.

பாலன் கூட்டுக்கு அம்பு வேண்டாம், ஒரு சொல் போதும்: ‘அஜூனி’. குரு கிரந்த் சாகிப்பின் தொடக்க வரியாகிய மூலமந்திரத்தில் வருவது, கருவில் வந்து பிறவாதது என்று பொருள். வைக்கோலில் கிடக்கும் பாலனை ஒரு பெரியவரின் பிறப்பாகச் சீக்கியர் மதிக்கலாம், கடவுளின் பிறப்பாக ஏற்க முடியாது. நானக்கின் பிறந்தநாளைக் கொண்டாடுகிறார்களே என்று கேட்டால், நானக் அவர்களுக்குக் குரு, கடவுள் அல்லர்.

சாது சுந்தர் சிங் படம்

கடினமான படம் இதுதான், நம்மூர்க் கிறிஸ்தவ வீடுகளில் காணக்கூடியதும்கூட. 1889இல் பஞ்சாபின் ராம்பூரில் சீக்கியக் குடும்பத்தில் பிறந்து, 1905இல் சிம்லாவில் ஞானஸ்நானம் பெற்று, 1918இல் இலங்கைக்கும் வந்து பிரசங்கித்தவர். தலைப்பாகை, நீண்ட அங்கி, தாடி, வெறுங்கால், கையில் புதிய ஏற்பாடு.

முதலில் நிறத்தை விட்டுவிடுங்கள். அந்தக் காலத்துப் புகைப்படங்கள் கறுப்பு வெள்ளை. உங்கள் வீட்டுப் படத்தில் உள்ள காவி பிறகு யாரோ தீட்டியதாக இருக்கலாம். அந்தச் சாயலை வைத்து எதையும் நிறுவாதீர்கள். அவர் காவி உடுத்தார் என்ற செய்தியை மட்டும் எடுங்கள்.

காவியைக் கண்டதும் நம்மூர் ஆள் ‘சாமியார்’ என்று மரியாதையோடு ஒதுங்குவார். மிஷன் இந்தப் படத்தைப் பரப்பியதும் இந்திய உடையில் ஒரு கிறிஸ்தவர் என்று காட்டத்தான். சீக்கிய வாசிப்பில் இது மதிப்பெண் தராது. யோகம் கந்தலிலும் இல்லை, தண்டத்திலும் இல்லை, சாம்பலிலும் இல்லை என்று குரு கிரந்த் சாகிப்பின் 730ஆம் பக்கத்தில் நானக் சொல்கிறார்; இல்லறத்தில் இருந்து உழைத்து, பகிர்ந்து உண்பதே அவர் காட்டிய வழி. ஆகவே ‘சீக்கிய உடையில் கிறிஸ்தவர்’ என்ற தலைப்பு பிழை. காவி சாதுக்களின் உடை.

தலைப்பாகைக்கு வாருங்கள். நல்லூரில் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றுவார்கள். சேர்ச்சில் ஆண்கள் தொப்பியைக் கழற்றுவார்கள். குருத்வாராவில் தலையை மூடாமல் யாரும் உள்ளே போக முடியாது. தலைப்பாகையோடு பைபிள் பிடித்த மனிதர் இந்த மூன்று வழக்கத்தின் சந்தியில் நிற்கிறார். ஆனால் சீக்கியருக்குத் தலைப்பாகை வெட்டாத முடியாகிய ‘கேஷ்’ என்பதன் மேல் நிற்பது. சுந்தர் சிங் மதம் மாறியபோது முடியை வெட்டிக்கொண்டார் என்று அவர் வரலாறு சொல்கிறது. அதை அறிந்தவர் படத்தில் பஞ்சாபின் துணியைக் காண்பார், தீட்சை பெற்ற சீக்கியரின் சமூகமாகிய கால்சாவின் அடையாளத்தைக் காணமாட்டார்.

கையில் உள்ள நூலையும் கவனியுங்கள். மிஷன் படங்களில் வேதப்புத்தகம் ஒரு கையில், இடுப்பளவில் இருக்கும். குரு கிரந்த் சாகிப்பைத் தலையில் சுமப்பார்கள், விதானத்தின் கீழ் வைத்துச் சாமரம் வீசுவார்கள். அது அவர்களுக்கு நடப்பிலுள்ள குரு. இதைக் கொண்டு, கிறிஸ்தவர் தம் வேதத்தை மதிக்கவில்லை என்று எழுதாதீர்கள். அவர்களுக்கு அது கையில் எடுத்துப் படித்துப் பிறருக்குக் கொடுப்பதற்கான நூல்.

குத்துவிளக்கு, வாள்

நம்மூர்க் கிறிஸ்தவக் கோயில்களில் உச்சியில் சிலுவை வைத்த குத்துவிளக்கைக் காணலாம். வானமே தட்டு, சூரிய சந்திரரே விளக்கு என்ற நானக்கின் ஆரத்தி வரியை (13ஆம் பக்கம்) நடுப்பத்தியில் வையுங்கள். விளக்கு பொருளற்றுப் போவதில்லை, சிறியதாகிவிடுகிறது.

மிக்கேல் சம்மனசின் (தேவதூதர்) வாளையோ பவுலின் வாளையோ சீக்கியர் அணியும் வாளான கிர்பானோடு சேர்க்க வேண்டாம். மிக்கேலின் வாள் சாத்தானுக்கு எதிரானது, பவுலின் வாள் அவரையே வெட்டியது. ஆறாம் குரு ஹர்கோபிந்த் 1606இல் அணிந்த இரண்டு வாள்களில் ஒன்று உலக அதிகாரம், மற்றது ஆன்மிக அதிகாரம், ‘மீரி-பீரி’ என்பார்கள்.

எழுதி முடிக்கும்போது

‘சீக்கியர் இப்படி நினைக்கிறார்கள்’ என்ற வாக்கியத்தை வெட்டிவிட்டு, எந்தப் பக்கத்தின்படி என்று எழுதுங்கள். குரு கிரந்த் சாகிப்பின் நியமப் பதிப்பு 1430 பக்கம். எங்கே அச்சிட்டாலும் பக்க எண் மாறாது, ஆகவே எண் போதும். ஜனம்சாகிக் கதையைக் குர்பாணியோடு (குரு கிரந்த் சாகிப்பின் பாடல்கள்) ஒரே வரியில் கலக்காதீர்கள், இரண்டுக்கும் ஒரே எடை இல்லை. பைபிள் வசனத்துக்கு அதிகார, வசன எண்ணோடு கத்தோலிக்க மொழிபெயர்ப்பா, புரட்டஸ்தாந்து மொழிபெயர்ப்பா என்றும் குறியுங்கள். நூல்களின் பெயர்கூட இரண்டிலும் வேறுபடும், ஆதியாகமம் ஒன்றில், தொடக்கநூல் மற்றதில்.