வக்கீல் வாங்கிய ஃபீஸைத் திரும்ப வாங்குவது

பிராங்பர்ட்டில் திவாலான கம்பெனிகளின் பழைய கணக்கைக் கிளறுவதுதான் என் பிழைப்பு. கம்-எக்ஸ் என்ற வரி மோசடிக் கோப்புகள் சிலவற்றைப் பார்த்திருக்கிறேன். டிவிடெண்ட் நாளை ஒட்டிப் பங்குகளைச் சரசரவென்று கைமாற்றுவார்கள். பங்கு யார் கையில் இருந்தது என்ற குழப்பத்தில், ஒருமுறை கட்டிய வரிக்கு இரண்டு ரீஃபண்ட் போய்விடும். 2012-ல் ஜெர்மனி அந்த ஓட்டையை அடைத்தது. ‘இதில் தப்பில்லை’ என்று எழுதிக் கொடுத்துச் சம்பாதித்த வக்கீல்களின் பணத்தை எப்படி மீட்பது?

முதலில், வரி நஷ்டத்தையும் வக்கீலின் வருமானத்தையும் கலக்காதீர்கள். ஜெர்மன் குற்றவியல் சட்டம் 73-ஆம் பிரிவு, குற்றத்தால் வந்ததையும் பறிக்கும், குற்றத்துக்காக வாங்கியதையும் பறிக்கும். ஃபீஸ் இந்த இரண்டாவது வகை. அதனால் பில்லைத் தேடுங்கள். ஒரு கோப்பில் எனக்குக் கிடைத்த பில்லில் மணிக்கணக்கே இல்லை, லாபத்தில் இத்தனை சதவீதம் என்று மட்டும் இருந்தது. அந்த ஒரு தாள் போதும், மிச்சத்தை எங்கே தேடுவது என்று தெரிந்துவிடும். ‘ஜூனியர் சம்பளம், ஆபீஸ் வாடகை போக மிச்சம்தானே லாபம்’ என்று வாதாடுவார்கள். குற்றம் என்று தெரிந்தே அதில் போட்ட செலவைச் சட்டம் கழித்துத் தராது. வரி ஆபீசராக இருந்து வக்கீலான ஹன்னோ பெர்கருக்கு 2022-ல் பான் நகர நீதிமன்றம் 8 வருடச் சிறையோடு, சுமார் 1.37 கோடி யூரோவைப் பறிக்கவும் உத்தரவிட்டது.

‘வக்கீல் ரகசியம், பெட்டியைத் திறக்கக்கூடாது’ என்பார்கள். வக்கீலே சந்தேகத்துக்குரியவர் என்றால் அந்தப் பூட்டு நிற்காது.

அடுத்தது வேகம். வக்கீல் ஆபீசில் மெஷின் கிடையாது, கோடவுன் கிடையாது. சொத்தெல்லாம் பார்ட்னர்கள்தான், அவர்கள் சாயங்காலம் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அமெரிக்காவில் வரி ஏய்ப்புத் திட்டங்கள் விற்ற டெக்சஸ் வக்கீல் நிறுவனம் ஜென்கன்ஸ் அண்ட் கில்கிறிஸ்ட், 2007-ல் 7.6 கோடி டாலர் அபராதத்துக்கு ஒப்புக்கொண்டு கடையையே மூடியது. அதனால் தீர்ப்பு வரும்வரை காத்திருக்காமல், சொத்தை முடக்கும் உத்தரவை அரசு வக்கீல் முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும்.

இதெல்லாம் அரசு போகும் வழி. ஏமாந்த பேங்கோ, அதன் திவால் நிர்வாகியோ சிவில் வழக்கும் போடலாம். இங்கேதான் ஆவேசம் காசைக் கெடுக்கும். மனுவில் ‘மோசடி, மோசடி’ என்று எழுதினால் வக்கீலின் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடும். வேண்டுமென்றே செய்த தப்புக்கு அவர்கள் பணம் தர மாட்டார்கள். ‘கவனமில்லாமல் தவறான கருத்துரை தந்தார்’ என்றால் பாலிசி உயிரோடிருக்கும். எழுதும்போது எனக்கே கை கூசும், ஆனாலும் அப்படித்தான் எழுதுகிறோம். கம்-எக்ஸில் சிக்கி 2016-ல் மூடப்பட்ட மேப்பிள் பேங்க்கின் திவால் நிர்வாகிக்கு, அதற்குக் கருத்துரை தந்த ஃப்ரெஷ்ஃபீல்ட்ஸ் வக்கீல் நிறுவனம் 2019-ல் 5 கோடி யூரோ கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. அந்த நிறுவனத்தின் முன்னாள் பார்ட்னர் ஒருவருக்கு அதே பேங்க் விவகாரத்தில் சிறைத்தண்டனை வந்தது 2024-ல்தான். சிவில் பணம் ஐந்து வருடம் முந்திக்கொண்டது.

சிவில் வழக்குப் போடக் கெடு பொதுவாக 3 வருடம். விஷயம் தெரியவந்த வருடத்தின் கடைசி நாளிலிருந்து எண்ண வேண்டும். கோப்பு மேசைக்கு வந்ததும் அட்டையில் நான் பென்சிலால் எழுதுவது ஒரு டிசம்பர் 31-ஐத்தான்.