பால் ஒத்துக்கொள்ளாததற்குப் புரதம் காரணமா என்று வீட்டிலேயே கண்டறியும் முறை

காலையில் ஒரு தம்ளர் பால் குடித்ததும் வயிறு உப்பி அவதிப்படுகிறவர்களுக்கு இப்போது முதலில் கிடைக்கும் அறிவுரை ‘ஏ2 பாலுக்கு மாறுங்கள்’ என்பதுதான். கூடுதல் விலை கொடுத்து மாறுவதற்கு முன், தொல்லை தருவது பாலின் புரதமா, சர்க்கரையா என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குப் பனீர் செய்யத் தெரிந்தால் போதும்.

பசும்பாலின் புரதத்தில் ஏறக்குறைய 80 விழுக்காடு கேசீன். மீதம், பால் திரியும்போது வடியும் நீரில் கரைந்திருக்கும் ‘வே’ (whey) புரதம். இரைப்பை அமிலத்தில் கேசீன் திரிந்து கட்டியாகி மெல்லச் செரிக்கிறது. வே புரதமோ கரைந்த நிலையிலேயே விரைந்து குடலுக்குச் சென்றுவிடுகிறது. ஏ1, ஏ2 என்னும் பிரிவு கேசீனின் ஒரு வகையான பீட்டா கேசீனைச் சார்ந்தது. அதன் அமினோ அமிலச் சங்கிலியில் 67-ஆவது இடத்தில் ஏ2 வகையில் புரோலினும் ஏ1 வகையில் ஹிஸ்டிடினும் இருக்கின்றன. இந்த ஒரே வேறுபாட்டால், ஏ1 செரிக்கும்போது பிசிஎம்-7 என்ற சிறு துண்டு எளிதில் பிரிகிறது. இத்துண்டு குடலின் அசைவை மந்தமாக்கக்கூடும் என்பதே ஏ2 பாலை ஆதரிப்பவர்களின் வாதம். சிறிய ஆய்வுகள் சிலவற்றில் அதற்கு ஓரளவு ஆதரவு உண்டு. ஆனால், பிசிஎம்-7 நோய்களை உண்டாக்குகிறது என்று நிறுவப்படவில்லை என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009-இல் தெரிவித்தது. ஏ2 பாலிலும் லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரை அதே அளவில்தான் இருக்கிறது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை.

பால் பட்டதும் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல் வருபவர்களுக்கு இருப்பது ஒவ்வாமையாக இருக்கலாம். அவர்கள் இச்சோதனையில் இறங்காமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். குழந்தைகளுக்கும் இதைச் செய்து பார்க்கக் கூடாது.

மற்றவர்கள் மூன்று நாள் பால், தயிர், பால் இனிப்பு எதையும் தொடாமல் இருந்துவிட்டு, நான்காம் நாள் காலையில் வழக்கமாக வாங்கும் பாலில் 250 மில்லியைக் காய்ச்சி, அடுப்பை அணைத்து, எலுமிச்சைச் சாற்றைச் சிறிது சிறிதாக விட்டுத் திரிக்க வேண்டும். மெல்லிய துணியில் வடிகட்டி, துணியோடு சேர்த்து நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்தால், லாக்டோஸின் பெரும்பகுதி நீரோடு போய்விட, கேசீன் துணியில் தங்கும். அந்தப் பனீரை மட்டும் உண்டு, ஒரு நாள் முழுவதும் வயிற்றின் நிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் கழித்து, அதே அளவுப் பாலைப் புதிதாகத் திரித்து, அலசுவதற்கு முன் வடியும் இளம்பச்சை நீரை மட்டும் குடியுங்கள். அதில் ஏறத்தாழ 10 கிராம் லாக்டோஸ் இருக்கும்.

நீர் தொல்லை தந்து, பனீர் தராவிட்டால், பெரும்பாலும் காரணம் லாக்டோஸ்தான். அவர்களுக்கு ஏ2 பால் செலவு வீண். நன்கு உறைந்த தயிர், மோர், சாப்பாட்டோடு சிறிதளவு பால், லாக்டோஸ் நீக்கிய பால் ஆகியவை உதவும். இரண்டுமே தொல்லை தராவிட்டால், வெறும் வயிற்றில் குடிக்கும் காப்பியையும் சந்தேகிக்கலாம்.

பனீரே தொல்லை தந்தால், கேசீனோடு கொழுப்பும் காரணமாகலாம் என்பதால், முதலில் கொழுப்பு குறைந்த பாலில் திரும்பச் செய்து பாருங்கள். அப்போதும் மாறாவிட்டால்தான் ஏ2 பாலைச் சோதிப்பதில் பொருளுண்டு. காங்கேயம், உம்பளாச்சேரி போன்ற நாட்டு மாடுகளின் பால் பெரும்பாலும் ஏ2 வகையே. பாக்கெட் பால் பல மாடுகளின் கலவை. எருமைப் பாலும் ஏ2 வகைதான் என்றாலும், கொழுப்பும் கேசீனும் மிகுந்து கெட்டியாகத் திரிவதால் ஒப்பிடுவதற்கு ஏற்றதன்று. நாட்டு மாட்டுப் பால் பனீரையும் வழக்கமான பால் பனீரையும், எது எதுவென்று உண்பவருக்குச் சொல்லாமல், வீட்டில் வேறொருவர் வெவ்வேறு நாளில் தர வேண்டும். நம்பிக்கையே வயிற்றை அடக்கவும் கலக்கவும் வல்லது என்பதால் இந்த மறைப்பை விட்டுவிடக் கூடாது.