பனிப்போரைச் சென்னையிலிருந்து படிக்கும் முறை

பனிப்போரைப் படிக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் 1947இன் ட்ரூமன் கோட்பாட்டில் தொடங்கி, மார்ஷல் திட்டம், நேட்டோ (அமெரிக்கா தலைமையிலான இராணுவக் கூட்டணி), பெர்லின் சுவர் என்று வரிசையாக மனப்பாடம் செய்துகொண்டு, 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததும் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். போட்டித் தேர்வுக்கு அது போதும். ஆனால் அமெரிக்க, சோவியத் முகாம்கள் இரண்டும் நம்மைப் போன்ற நாடுகளிடம் எதை எதிர்பார்த்தன, நாம் அவர்களிடம் எதைப் பெற்றோம் என்ற கேள்விக்கு அந்த வரிசையில் விடை கிடைக்காது. சென்னையில் வசிப்பவர்கள் அந்த விடையைத் தம் ஊரிலேயே தேடலாம்.

முதலில் ஒரு நோட்டில் அமெரிக்க முகாம், சோவியத் முகாம், சென்னை என மூன்று பத்திகள் பிரித்துக்கொள்ளுங்கள். பிறகு 1947ஐ விட்டுவிட்டு, 1955ஆம் ஆண்டை மட்டும் நிரப்புங்கள். அவ்வாண்டு ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சோஷலிச பாணிச் சமுதாயத்தைத் தன் இலக்காக அறிவித்தது. ஏப்ரலில் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் இந்தோனேசியாவின் பாண்டுங்கில் கூடின. மே மாதத்தில் மேற்கு ஜெர்மனி நேட்டோவில் சேர்ந்த சில நாட்களிலேயே சோவியத் தரப்பின் இராணுவக் கூட்டணியான வார்சா ஒப்பந்தம் கையெழுத்தானது. நவம்பரில் இந்தியா வந்த சோவியத் தலைவர்கள் புல்கானினும் குருஷேவும் சென்னைக்கும் வந்தார்கள். அந்தப் பயணத்தில் அவர்கள், போர்ச்சுகலின் ஆட்சியில் இருந்த கோவா பற்றிய பிரச்சினையில் இந்தியாவின் பக்கம் பேசினார்கள். டிசம்பர் 2ஆம் தேதி அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டல்லஸ், போர்ச்சுகல் அமைச்சருடன் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையோ கோவாவைப் போர்ச்சுகலின் மாகாணம் போலக் குறிப்பிட்டது. போர்ச்சுகல் நேட்டோவின் உறுப்பு நாடு என்பதை முதல் பத்தியில் எழுதிக்கொண்டால், அந்த அறிக்கையின் காரணம் தானாகவே விளங்கும்.

இந்த இடத்தில் சொற்களைக் கவனமாகக் கையாள வேண்டும். ஆவடித் தீர்மானத்தைப் பொதுவுடைமை என்று எழுதிவிடாதீர்கள். 1952 தேர்தலுக்குப் பின் சென்னைச் சட்டமன்றத்தில் கம்யூனிஸ்டுகள் வலுவான எதிர்க்கட்சியாக அமர்ந்தபோது, அவர்களைத் தம் முதல் எதிரி என்று சொன்ன ராஜாஜியும் அன்று காங்கிரஸ்காரர்தான். அதே ராஜாஜி 1959இல் அரசின் பொருளாதாரக் கட்டுப்பாடுகளை எதிர்த்துச் சுதந்திரா கட்சியைத் தொடங்கினார்; 1962இல் வாஷிங்டன் சென்று, அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்துமாறு அமெரிக்க அதிபர் கென்னடியிடம் வாதிட்டார். கம்யூனிச எதிர்ப்பாளர் என்றாலே அமெரிக்க அணியின் ஆள் என்று எழுதிவிடும் பழக்கத்தை இந்த ஒரு மனிதரின் வாழ்க்கை குலைத்துவிடும் என்பதால், அவரை நோட்டில் தனிப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்து, நிறுவனங்களையும் பொருள்களையும் பின்தொடருங்கள். கிண்டியில் 1959இல் தொடங்கிய ஐ.ஐ.டி.க்கு மேற்கு ஜெர்மனி உதவியது. கிழக்கு ஜெர்மனியை அங்கீகரிக்கும் நாடுகளோடு உறவு வைப்பதில்லை என்று அந்நாடு அன்று கொள்கை வகுத்திருந்தது. இந்தியாவும் 1972 வரை கிழக்கு ஜெர்மனியை அங்கீகரிக்கவில்லை. ஒன்றுக்கு மற்றொன்று விலை என்று முடிவு கட்டிவிட வேண்டாம், இரண்டையும் ஒரே வரியில் எழுதி வையுங்கள். நெய்வேலியில் அனல்மின் நிலையத்துக்குச் சோவியத் உதவியும், சுரங்க இயந்திரங்களுக்கு மேற்கு ஜெர்மனியின் உதவியும் கிடைத்தன. ஆவடி டாங்கித் தொழிற்சாலை 1965இல் பிரிட்டிஷ் வடிவமைப்பிலான விஜயந்தா டாங்கியை வெளியிட்டது. பிற்காலத்தில் அங்கேயே சோவியத் வடிவமைப்பிலான டி-72 டாங்கிகள் உருவாயின. எந்த முகாமிலும் சேராத அணிசேராமை என்பதற்கு இதைவிடக் கனமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

அமெரிக்க உணவு உதவியான பி.எல். 480 திட்டக் கோதுமைக்குச் சற்று அதிக இடம் ஒதுக்குங்கள். 1965, 1966 ஆண்டுகளின் வறட்சியில் அமெரிக்க அதிபர் ஜான்சனின் அரசு கோதுமையைச் சிறுசிறு தவணைகளாகவே விடுவித்தது. வேளாண் கொள்கையை மாற்ற வேண்டும் என்ற நெருக்குதலும், வியட்நாம் போரை இந்தியா விமர்சித்ததால் எழுந்த எரிச்சலும் அதில் கலந்திருந்தன. அப்போது மத்திய உணவு அமைச்சராக இருந்தவர் நம் சி. சுப்பிரமணியம். கோதுமைக் கப்பல்களுக்காகக் காத்திருந்த அந்த நாட்களைப் புறக்கணித்துவிட்டுப் பசுமைப் புரட்சியைப் புரிந்துகொள்ள முடியாது.

பிரசாரத்தை வாசிப்பது தனிக் கலை. திருவல்லிக்கேணியின் பழைய புத்தகக் கடைகளில் மாஸ்கோவில் அச்சான தமிழ் நூல்கள் சில சமயம் கிடைக்கும்; வழவழப்பான ‘சோவியத் நாடு’ பிரசார இதழின் தாள்கள் ஒரு தலைமுறையின் பள்ளி நோட்டுகளுக்கு அட்டையாயின. அமெரிக்கத் தரப்பிலிருந்து ‘ஸ்பான்’ இதழ் வந்தது. ஒரே ஆண்டில் வெளிவந்த இரண்டையும் அருகருகே வைத்து, எது சொல்லப்படவில்லை என்று தேடுங்கள். 1956இல் ஹங்கேரிக்குள் நுழைந்த சோவியத் டாங்கிகளைப் பற்றி ஒரு பக்கமும், 1953இல் ஈரானில் அமெரிக்க உதவியோடு கவிழ்க்கப்பட்ட அரசைப் பற்றி மறுபக்கமும் எப்படிப் பேசின என்று பார்த்தாலே பயிற்சி போதும். நாளிதழ்களுக்கு எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்கும், பழைய தமிழ் இதழ்களுக்குத் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும் செல்லலாம்.

இரண்டாவதாக நிரப்ப வேண்டியது 1962 அக்டோபர். கியூபாவில் சோவியத் வைத்த ஏவுகணைகளால் அமெரிக்காவோடு மோதல் மூண்ட கியூபா ஏவுகணை நெருக்கடியின் நாட்களில்தான், அக்டோபர் 20ஆம் தேதி, சீனப் படைகள் இந்திய எல்லையில் தாக்கின. மாஸ்கோவும் பெய்ஜிங்கும் அதற்குள் முரண்பட்டிருந்ததால், பொதுவுடைமை முகாமை ஒரே பத்தியில் எழுதுவது இங்கே இயலாமல் போகும். நோட்டில் நான்காவது பத்தி ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். 1964இல் இந்திய கம்யூனிஸ்ட் கட்சி பிளவுபட்டதை எழுத அந்த இடம் தேவைப்படும்.

கடைசி வரிசை 1991. டாலருக்குப் பதில் ரூபாயில் கணக்குத் தீர்த்த ரூபாய் வணிகத்தில் சோவியத் ஒன்றியத்துக்குச் சரக்கு அனுப்பிவந்த தமிழ்நாட்டுத் தோல் ஏற்றுமதியாளர்களுக்கு அவ்வாண்டு என்ன ஆனது என்பதைப் புத்தகத்தில் தேடுவதைவிட, பல்லாவரத்திலோ குரோம்பேட்டையிலோ அத்தொழிலில் இருந்த முதியவர்களைச் சந்தித்துக் கேட்டு எழுதுங்கள்.