மாடல்களுக்கு உண்மையான மேட் பூச்சு: வார்னிஷைக் கையாளும் முறை

இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் டாங்கி ஒன்றை 1/35 அளவில் பிளாஸ்டிக் மாடலாகச் செய்து, ரால் 7021 என்னும் குறியீடு கொண்ட அடர் சாம்பல் நிறத்தைப் பூசி முடித்தவர்கள் எல்லோரும் ஒரு சிக்கலை அறிவார்கள். நிறம் சரியாக அமைந்திருக்கும், டீகால்கள் (ஒட்டும் சின்னங்கள்) ஒழுங்காகப் படிந்திருக்கும், வாஷ் (இடுக்குகளில் ஓடவிடும் நீர்த்த அடர் வண்ணம்) பூசிய இடங்களில் நிழல் அழகாக விழுந்திருக்கும். ஆனால் விளக்கின் கீழ் வைத்துத் திருப்பியதும் கோபுரத்தின் விளிம்பில் ஒரு மினுக்கம் ஓடி, அது பிளாஸ்டிக் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். 1943 பிப்ரவரியில் அடர் மஞ்சள் அடிப்படை நிறமாக ஆணையிடப்படும் வரை ஜெர்மன் கவச வண்டிகள் பெரும்பாலும் இந்தச் சாம்பலில்தான் களத்துக்குச் சென்றன. கடைசியில் அடிக்கும் நிறமற்ற பூச்சான வார்னிஷின் குறைகள் அனைத்தையும் இந்த நிறம் ஒளிவுமறைவின்றி வெளிக்காட்டுவதால் இக்கட்டுரை முழுவதும் இதையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். அடர் சாம்பலில் மேட் (பளபளப்பற்ற) பூச்சைச் சரியாகக் கொண்டுவரத் தெரிந்தவருக்கு மணல் நிறமோ பச்சையோ கடினமாக இராது.

முதலில் மேட் என்பது மேற்பரப்பின் வடிவத்தைப் பொறுத்தது என்பதை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். வழவழப்பான பரப்பில் விழும் ஒளி ஒரே திசையில் திரும்புவதால் பளபளப்பு தெரிகிறது. கண்ணுக்குப் புலப்படாத மேடுபள்ளங்கள் உள்ள பரப்பில் விழும் ஒளி பல திசைகளிலும் சிதறுவதால் பளபளப்பு மறைகிறது. மேட் வார்னிஷில் இந்த மேடுபள்ளங்களை உண்டாக்குவது பெரும்பாலும் மிக நுண்ணிய சிலிக்காத் துகள்கள். வார்னிஷ் உலரும்போது அதன் பிசின் சுருங்குகிறது, துகள்கள் மேலே முட்டிக்கொண்டு நிற்கின்றன. அந்தத் துகள்கள் பிசினுக்குள் புதைந்துபோக இடம் கொடுக்கும் எந்தச் செயலும் மேட் தன்மையைக் கெடுக்கும். கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு படியும் இந்த ஒரே காரணத்திலிருந்துதான் வருகிறது.

பெரும்பாலான தோல்விகள் குப்பிக்குள்ளேயே தொடங்கிவிடுகின்றன. சிலிக்கா கனமானது; சில வாரங்கள் அலமாரியில் நின்ற குப்பியின் அடியில் அது வெண்மையான கெட்டிப் படிவாக இறங்கியிருக்கும். குப்பியைக் கையில் எடுத்து நான்கைந்து முறை ஆட்டிவிட்டுப் பயன்படுத்துபவர் மேலே நிற்கும் பிசினை மட்டுமே எடுக்கிறார். அதனால் பாதி மினுக்கமான சாட்டின் பூச்சு கிடைக்கிறது, பழி வார்னிஷ் மேல் விழுகிறது. அதே குப்பியின் கடைசிப் பகுதியில் துகள்கள் அளவுக்கு மிஞ்சிச் சேர்ந்திருப்பதால், அதை அடித்தால் மாடல் மேல் வெண்பனி படர்ந்ததுபோல் ஆகிவிடும். எனவே மூடியைத் திறந்து, ஒரு மெல்லிய குச்சியைக் குப்பியின் அடிவரை விட்டு, மூலைகளைச் சுரண்டிக் கிளறுங்கள். குச்சியை வெளியே எடுத்துப் பார்க்கும்போது அதன் நுனியில் வெள்ளைக் கட்டி ஒட்டியிருந்தால் வேலை இன்னும் முடியவில்லை என்று பொருள். நுனி முழுவதும் ஒரே சீரான பால் நிறமாக இருக்கும் வரை கிளற வேண்டும். அதன் பிறகு நன்றாகக் குலுக்கி, நுரை அடங்கச் சில நிமிடங்கள் விட்டுவிட்டு ஊற்றுங்கள். காற்றழுத்தத்தால் வண்ணத்தைத் தெளிக்கும் ஏர்பிரஷின் கிண்ணத்திலும் துகள்கள் இறங்கிக்கொண்டுதான் இருக்கும் என்பதால், அதில் சிறிதளவே ஊற்றி அடிக்கடி நிரப்பிக்கொள்வது நல்லது.

மேட் ஆகிவிட்டதா என்பதை மேலிருந்து பார்த்துத் தீர்மானிக்கக் கூடாது. பளபளப்பை அளக்கும் ஐஎஸ்ஓ 2813 தரமுறையில் 20, 60, 85 பாகைக் கோணங்கள் பயன்படுகின்றன. பளபளப்புக் குறைந்த பரப்புகளுக்கு 85 பாகையே உரியது. பரப்பை ஒட்டிச் சாய்வாக வரும் ஒளியில்தான் மறைந்திருக்கும் மினுக்கம் வெளிப்படும் என்பதே இதன் காரணம். வீட்டில் இதற்குக் கருவி தேவையில்லை. ஒரு பிளாஸ்டிக் கரண்டியின் குவிந்த முதுகில் கறுப்பு அல்லது அடர் சாம்பல் நிறத்தை அடித்து, வார்னிஷை அதன் மேல் அடித்து உலரவிடுங்கள். பிறகு அதைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி, எதிரே உள்ள ஜன்னலை நோக்கிப் பிடித்துப் பாருங்கள். ஜன்னலின் சட்டம் மங்கலாகவேனும் கரண்டியின் மேல் தெரிந்தால் அது உண்மையான மேட் ஆகாது. மாடலில் அடிப்பதற்கு முன் ஒவ்வொரு முறையும் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். வாரக்கணக்கான உழைப்பைக் கடைசிக் கட்டத்தில் பணயம் வைக்க வேண்டியதில்லை.

மேட் வார்னிஷ் எந்தக் கட்டத்தில் வருகிறது என்பதும் முக்கியம். மேட் நிறத்தின் மேல் நேரடியாக டீகால் ஒட்டினால், அதன் அடியில் உள்ள மேடுபள்ளங்களில் காற்று சிக்கி வெள்ளி போல மின்னும். ஆகவே நிறம் உலர்ந்த பின் முதலில் கிளாஸ் (பளபளப்பான) வார்னிஷ், அதன் மேல் டீகால், டீகாலை மூட மீண்டும் ஒரு மெல்லிய கிளாஸ், பிறகு வாஷ், கடைசியில் மேட் என்பதே வழக்கமான வரிசை. இதில் பலரும் பொறுமை இழப்பது வாஷுக்கும் மேட்டுக்கும் இடையில்தான். எனாமல் வாஷை ஒன்றிரண்டு நாட்களாவது உலரவிட வேண்டும். எண்ணெய் வண்ணம் பயன்படுத்தியிருந்தால் இன்னும் அதிக நாட்கள் தேவைப்படும். ஈரம் உள்ள எனாமலின் மேல் வலுவான கரைப்பான் கொண்ட லாக்கர் வகை வார்னிஷ் விழுந்தால் அந்த எனாமல் கரைந்து சுருங்கிவிடும். அடியில் உள்ள கிளாஸ் பூச்சு தடிமனாக இருந்தால் அதன் மினுக்கத்தை அடக்க ஒரு படலம் மேட் போதாது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

வார்னிஷ்களில் நீரில் கரையும் அக்ரிலிக் வகையும் லாக்கர் வகையும் பெரும்பாலும் புழக்கத்தில் உள்ளன. வல்லெஹோ, ஏகே போன்ற நிறுவனங்களின் அக்ரிலிக் மேட் வார்னிஷ்கள் மணம் குறைந்தவை, அடியில் உள்ள எனாமல், எண்ணெய்ப் பூச்சுகளை உறுத்தாதவை. டாமியாவின் டிஎஸ்-80 ஸ்பிரே கேனும், மிஸ்டர் ஹாபியின் லாக்கர் வகைகளும் மெல்லிய, உறுதியான, சீரான படலம் தருகின்றன. ஆனால் அவற்றின் கரைப்பான் வலுவானது. டாமியாவின் எக்ஸ்-21 ஃப்ளாட் பேஸ் பற்றித் தனியாக எச்சரிக்க வேண்டும். அது வார்னிஷ் அல்ல. பளபளப்பான வண்ணத்தை மேட் ஆக்குவதற்காகக் கலக்கும் பொருள். தனியாக அடித்தால் வெள்ளைத் தூளாகவே படியும். எக்ஸ்-22 கிளியரில் பத்துக்கு ஒரு பங்கு என்ற அளவில் தொடங்கி, கரண்டியில் சோதித்துச் சோதித்துச் சிறிது சிறிதாகக் கூட்டுவதே பாதுகாப்பானது. என் விருப்பம் கேட்டால், பூச்சு வேலை முழுவதையும் அக்ரிலிக்கில் செய்பவருக்கு அக்ரிலிக் மேட் வார்னிஷையே சொல்வேன். லாக்கரின் கவர்ச்சி பெரிது, ஆனால் அது தவறுகளை மன்னிப்பதில்லை.

ஏர்பிரஷில் அடிக்கும்போது 0.3 மில்லிமீட்டர் அல்லது அதைவிடச் சற்றுப் பெரிய முனையும், 15 முதல் 20 பிஎஸ்ஐ வரை அழுத்தமும் போதும். வார்னிஷை அதே நிறுவனத்தின் தின்னரால் பால் பதத்துக்கு நீர்க்கச் செய்து, முனையில் உலர்ந்து அடைக்காமல் இருக்க ஓரிரு துளி ஃப்ளோ இம்ப்ரூவர் சேர்த்துக்கொள்ளுங்கள். மாடலிலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டர் தொலைவில் பிடித்து, மாடலுக்கு வெளியே தொடங்கி, அதைக் கடந்து மறுபக்கம் வெளியே நிறுத்த வேண்டும். ஒவ்வொரு வீச்சின் பின்னும் பரப்பு லேசாக நனைந்ததுபோல் தோன்றி, சில நொடிகளில் அந்த ஈரம் மறைய வேண்டும். இதுவே சரியான அளவுக்கு அடையாளம். வார்னிஷ் குளமாகத் தேங்கினால் பிசின் சமன்பட்டுத் துகள்களை மூடிவிடும், அந்த இடம் உலர்ந்த பின்னும் மினுங்கும். மாறாக, மிகத் தொலைவிலிருந்து அடித்தால் துளிகள் காற்றிலேயே உலர்ந்து, தொட்டால் சொரசொரப்பாக இருக்கும் தூசியாகப் படியும். இரண்டு அல்லது மூன்று மெல்லிய படலங்களை, ஒவ்வொன்றுக்கும் இடையே நன்றாக உலரவிட்டு அடிப்பது ஒரு தடித்த படலத்தைவிட எப்போதும் மேலானது. டாங்கியின் சக்கரங்களுக்கு இடையிலும் கோபுரத்தின் அடிவிளிம்பிலும் வார்னிஷ் எளிதில் தேங்குவதால் அந்த இடங்களை முதலில், குறைந்த அளவில் அடித்துவிட்டுப் பிறகு திறந்த பரப்புகளுக்கு வாருங்கள்.

ஸ்பிரே கேன் பயன்படுத்துபவர்கள் அதை இரண்டு நிமிடங்களாவது விடாமல் குலுக்க வேண்டும். மாடலிலிருந்து 20 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளிப் பிடிக்க வேண்டும். காற்றின் ஈரப்பதமே இங்கு பெரிய எதிரி. கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றில் உள்ள நீராவி அதன் மேல் ஒடுங்கி, பூச்சுக்குள் வெண்மையாகச் சிக்கிக்கொள்கிறது. கடலோர ஊர்களில் வசிப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் லாக்கர் ஸ்பிரேயைத் தொடாமல் இருப்பதே நல்லது. வெயில் ஏறிய, காற்று உலர்ந்த முற்பகல் வரும்வரை மாடலை மூடி வைத்துவிடுங்கள்.

தூரிகையால் பூச வேண்டியிருந்தால் அகலமான, மென்மையான தூரிகையை எடுத்து, ஒரே திசையில் ஒரு முறை இழுத்து விட்டுவிடுங்கள். உலரத் தொடங்கிய இடத்தைத் திரும்பத் தொட்டால் கோடுகள் விழும். குழிகளிலும் ரிவெட்டுகளைச் சுற்றியும் வார்னிஷ் தேங்கி வெளுப்பாக உலரும் என்பதால், காய்ந்த தூரிகை நுனியால் அங்கு மிகுந்ததை உடனே உறிஞ்சி எடுக்க வேண்டும்.

வெண்பனி படர்ந்துவிட்டால் மனம் தளர வேண்டாம், மாடலைத் தேய்க்கவும் வேண்டாம். துகள்கள் மிகுந்து வெளுத்த பரப்பின் மேல் கிளாஸ் வார்னிஷை ஒரு மெல்லிய படலமாக அடித்தால், அது மேடுபள்ளங்களை நிரப்பிவிடும். வெண்மை பெரும்பாலும் மறைந்து அடியில் உள்ள நிறம் திரும்பத் தெரியும். அது முழுமையாக உலர்ந்த பின், நன்றாகக் கிளறிய மேட் வார்னிஷை மீண்டும் அடியுங்கள். அடர் நிறங்கள் மேட் ஆனதும் ஓரளவு வெளிறித் தோன்றுவது வேறு விடயம். சிதறும் ஒளி நிறத்தோடு கலப்பதால் அது நேர்கிறது. அதை எதிர்பார்த்து அடிப்படை நிறத்தைச் சற்று அடர்த்தியாகவே வைத்துக்கொள்ளலாம்.

மாடல் முழுவதும் மேட் ஆக வேண்டும் என்பதும் இல்லை. விமானத்தின் கண்ணாடிக் கூண்டையும் டாங்கியின் முகப்பு விளக்குகளையும் மாஸ்கிங் டேப்பால் மூடிவிட்டோ, அவற்றைக் கடைசியில் ஒட்டியோ காக்க வேண்டும். மேட் விழுந்த கண்ணாடியை மீட்பது பெரும்பாடு. தரையில் உரசித் தேய்ந்த சங்கிலிப் பட்டைகளின் உலோக மினுக்கத்தை மேட் வார்னிஷ் அடித்து உலர்ந்த பிறகே தீட்டுங்கள், இல்லாவிட்டால் அது வெறும் சாம்பலாகிவிடும். புழுதிக்கான பிக்மென்ட் தூளையும் மேட் வார்னிஷுக்குப் பின்னரே பயன்படுத்த வேண்டும். சொரசொரப்பான பரப்பு தூளை நன்றாகப் பற்றிக்கொள்ளும். தூளின் மேல் வார்னிஷ் விழுந்தால் அதில் பாதி கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

முடித்த மாடலைக் கையில் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருந்தால், விரலின் எண்ணெயும் உராய்வும் அந்த நுண்ணிய மேடுகளை மழுங்கச் செய்து, விளிம்புகளில் மினுக்கத்தைத் திரும்பக் கொண்டுவரும். டாங்கியின் அடிப்பகுதியை ஒரு மரக்கட்டையில் பொருத்தி அந்தக் கட்டையைப் பிடித்தே வேலை செய்யுங்கள். தூசியை ஈரத் துணியால் துடைக்காமல், மென்மையான தூரிகையால் தட்டி எடுங்கள்.

காற்றில் பறக்கும் வார்னிஷ் துளிகள், அது அக்ரிலிக்காகவே இருந்தாலும், நுரையீரலுக்குள் போகக் கூடாதவை. துகளையும் கரைப்பான் ஆவியையும் தடுக்கும் வடிகட்டி உள்ள முகக்கவசத்தை அணியுங்கள், காற்றோட்டமுள்ள இடத்தில் அடியுங்கள், லாக்கர் பயன்படுத்தும்போது அருகில் தீ இருக்கக் கூடாது. வேலை முடிந்ததும் ஏர்பிரஷின் ஊசியையும் முனையையும் கழற்றித் தின்னரில் கழுவிவிடுங்கள். கிண்ணத்தின் அடியில் தங்கிய சிலிக்கா இறுகிவிட்டால், அடுத்து அடிக்கும் கிளாஸ் வார்னிஷில் அது கலந்து அந்தப் பூச்சையும் மங்கச் செய்துவிடும்.